போக வேண்டாம் என்று யார் சொல்வது?

விளாங்குடியில் மாமா வீட்டுக் கண்ணாடி அலமாரியில், யாரும் எடுக்காத பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் ஒரு பதக்கம் கிடக்கிறது. ரிப்பனில் செருகிய பட்டையில் 'ஸ்ரீலங்கா' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சின்ன வயதில் அதை மாமா கிரிக்கெட்டில் ஜெயித்து வாங்கியது என்று நினைத்திருந்தேன். 1996இல் அந்த அணி உலகக் கோப்பையை வென்ற சமயம். வேறு எப்படித் தோன்றும்? பள்ளியில் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அது 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படையின் பதக்கம் என்பது எனக்குப் புரியக் கல்லூரிக் காலம் வரை ஆனது. மாமா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எல்லையில் பதற்றம் வந்த ஒரு வாரம், வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். அலுவலக வாட்ஸப் குழு முழுக்க ஒரே ஆவேசம். உள்ளே புகுந்து அடிக்க வேண்டும் என்றார்கள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன், அதற்கு மேல் ஒரு வரியும் எழுதினேன். அன்று மாலை மாமா வீட்டுக்குப் போனபோது டிவியில் இதே ஆவேசம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் எட்டுக் கட்டத்துக்குள் இருந்து கத்தினார்கள். மாமா ரிமோட்டை எடுத்து அணைத்தார்.

"இவய்ங்க ஒருத்தனும் போகப்போறதில்ல மாப்ள" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்களையும் இப்படித்தான் அனுப்புனாய்ங்க. மொதல்ல போகச் சொல்லிக் கத்துனாய்ங்க, அப்பறம் வரச் சொல்லிக் கத்துனாய்ங்க."

நான் போட்ட அந்தக் கட்டைவிரல் என்னை உறுத்தத் தொடங்கியது அப்போதுதான். அதற்குப் பிறகு அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். தளபதிகள், தூதர்கள், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. 1987இல் ராஜீவ் காந்தியிடம் யாராவது 'போர் வேண்டாம்' என்று சொன்னார்களா? சொல்லியிருந்தால் அந்தச் சொல் எங்கே போயிற்று?

*

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ராணுவத்தை அனுப்பு என்று முதலில் கேட்டது தமிழ்நாடுதான்.

1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது இங்கே எழுந்த கொதிப்பு உண்மையானது. அந்த ஆகஸ்டில் கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டு விலகினார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் கடையடைப்பும் ஊர்வலமும் நடந்தன. அந்தக் கோபத்துக்கு ஒரு முன்மாதிரியும் கையில் இருந்தது. 1971இல் இந்திரா காந்தி வங்காளிகளுக்காகப் படையனுப்பி ஒரு நாட்டையே உருவாக்கித் தரவில்லையா? வங்காளிக்கு ஒரு நியாயம், தமிழனுக்கு ஒரு நியாயமா? மேடைக்கு மேடை இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் 1971இல் இந்தியப் படை வங்க மக்களின் பக்கம் நின்று பாகிஸ்தான் ராணுவத்தோடு போரிட்டது. இங்கே அப்படித்தான் நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நாம்தான் அப்படி எடுத்துக்கொண்டோம்.

எங்கள் மதுரைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1986 மே 4ஆம் தேதி, டெசோ அமைப்பின் மாநாடு இங்கேதான் நடந்தது. கருணாநிதி நடத்திய அந்த மாநாட்டுக்கு வாஜ்பாய், என்.டி. ராமராவ், பகுகுணா எல்லாம் வந்தார்கள். ஈழத்துக்கு ஆதரவாக இந்தியாவின் எதிர்க்கட்சித் தலைவர்கள் வைகைக்கரையில் கூடியது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். மாநாடு முடிந்த இரண்டாம் நாள், மே 6 அன்று, டெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் சுட்டுக் கொல்லப்பட்டார். சகோதர யுத்தம் வேண்டாம் என்ற வேண்டுகோள் கடலைத் தாண்டவில்லை. 'வேண்டாம்' என்ற சொல் போய்ச் சேராமல் போன கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

டெல்லியின் கை அதற்கும் முன்பே நீண்டிருந்தது. 1983இலிருந்து இந்திய உளவுத்துறை ஈழப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்துவந்தது. 1987 மே மாத இறுதியில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரும் தாக்குதலைத் தொடங்கியபோது இந்தியா உணவுப் பொருட்களைப் படகுகளில் அனுப்பியது. ஜூன் 3 அன்று இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாளே போர் விமானங்களின் காவலோடு இந்திய விமானப்படையின் சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து மூட்டைகளைப் போட்டன. அதற்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் பூமாலை'. வானத்திலிருந்து அரிசி விழுந்த அந்த நாளில் யாழ்ப்பாணத்து மக்கள் தெருவுக்கு வந்து கையசைத்தார்கள். அதே விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் நான்கு மாதத்தில் அதே வானத்திலிருந்து சுடும் என்று அன்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

*

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் ராஜீவைத் துப்பாக்கியின் அடிக்கட்டையால் தாக்கினான். ஆகஸ்ட் 2 அன்று சென்னைக் கடற்கரையில் எம்.ஜி.ஆரும் ராஜீவும் ஒரே மேடையில் நின்று ஒப்பந்தத்தைக் கொண்டாடினார்கள்.

ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன். மென்பொருள் வேலையில் நாங்கள் ஒரு மாற்றத்தை வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்றுவதற்கு முன் ஒரு படிவம் நிரப்புவோம். என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், யார் யார் ஒப்புதல் கொடுத்தார்கள், தவறினால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி என்று அதில் இருக்கும். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் ஒப்புதல் கிடைக்காது. ஒரு கடையின் பில் போடும் மென்பொருளுக்கே இவ்வளவு கேட்கிறோம். இந்த ஒப்பந்தத்தில் 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும், அதிலிருந்து 72 மணி நேரத்தில் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒப்படைக்காவிட்டால் என்ன? இலங்கை கேட்டால் இந்தியா ராணுவ உதவி தரும். அவ்வளவுதான். திரும்பி வரும் வழி எங்கும் இல்லை.

இரண்டாவது, சண்டை போட்டவர்களில் ஒரு தரப்பு கையெழுத்தே இடவில்லை. பிரபாகரன் டெல்லிக்கு அழைத்து வரப்பட்டு அசோகா ஹோட்டலில் வைக்கப்பட்டிருந்தார். ஒப்பந்தம் அவருக்குக் காட்டப்பட்டது, அவரோடு எழுதப்படவில்லை. ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் பெருங்கூட்டத்தின் முன் அவர் பேசியபோது, இந்தியாவை எதிர்த்துப் போரிட விரும்பவில்லை என்றும், ஆயுதத்தோடு மக்களைக் காக்கும் பொறுப்பையும் இந்தியாவிடம் ஒப்படைப்பதாகவும் சொன்னார். ஒப்பந்தத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாவது, ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்கு எதிராக யாருக்கும் தரக்கூடாது, அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இருவரும் சேர்ந்து சீரமைக்க வேண்டும், வெளிநாட்டு வானொலி நிலையங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இவை தமிழர் பிரச்சினை இல்லை, டெல்லியின் பிரச்சினை. ஒரு நாடு தன் நலனைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் போகும் படைவீரனுக்கு நீ எதற்காகப் போகிறாய் என்பது தெரிய வேண்டும் அல்லவா? மாமாவிடம் கேட்டேன்.

"சமாதானத்துக்குப் போறோம்னாய்ங்க. சிங்கள ஆர்மிக்கும் பசங்களுக்கும் நடுவுல நிக்கப்போறோம்னு நெனச்சுக்கிட்டுப் போனேன். அம்புட்டுத்தான் தெரியும்."

*

ஒப்பந்தம் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. செப்டம்பர் 15 அன்று நல்லூர் கந்தசாமி கோயிலின் முன் திலீபன், ஐந்து கோரிக்கைகளை வைத்துத் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 26 அன்று இறந்தார். அகிம்சையின் நாடு என்று சொல்லிக்கொள்ளும் நாட்டிடம் அகிம்சை வழியில் ஒரு கோரிக்கை வைக்கப்பட்டது. அதை வைத்த இயக்கத்தின் கைகளில் மற்ற இயக்கத்துப் பிள்ளைகளின் ரத்தம் இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 3 அன்று இலங்கைக் கடற்படை ஒரு படகை மறித்துப் புலேந்திரன், குமரப்பா உட்படப் பதினேழு புலிகளைப் பிடித்தது. பலாலித் தளத்தில் அவர்கள் வைக்கப்பட்டார்கள். கொழும்புக்குக் கொண்டு வந்தே தீர வேண்டும் என்று இலங்கை அரசு பிடிவாதமாக நின்றது. இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் ஜெயவர்தனவிடம் பேசிப் பார்த்தும் பயனில்லை. அக்டோபர் 5 அன்று அவர்கள் சயனைடு கடித்தார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பழிவாங்கப் புலிகள் தங்களிடம் இருந்த இலங்கைச் சிப்பாய்களைக் கொன்றார்கள். கிழக்கில் ஒன்றுமறியாத சிங்களக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் தாக்கப்பட்டன. ஜெயவர்தன டெல்லியை நெருக்கினார். பாதுகாப்பு அமைச்சர் கே.சி. பந்த் அந்த வாரம் கொழும்பில் இருந்தார்.

அக்டோபர் 10 அன்று இந்தியப் படை போரைத் தொடங்கியது. ஆபரேஷன் பவன். அன்று முதலில் தகர்க்கப்பட்டவற்றில் யாழ்ப்பாணத்தின் ஈழமுரசு, முரசொலி என்ற இரு நாளிதழ்களின் அச்சகங்களும் உண்டு.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த ஐந்து நாட்களில்தான். அக்டோபர் 5இலிருந்து 10 வரை. அதற்கு முன்பு எல்லாமே கோபமும் ஏமாற்றமும் சந்தேகமும்தான். ஆனால் இந்தியச் சிப்பாயும் புலியும் ஒருவரை ஒருவர் சுடவில்லை. சில வாரங்களுக்கு முன்புவரை ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள். அதற்குப் பிறகு, இரண்டு பக்கமும் பிணம் விழுந்த பிறகு, யாராலும் திரும்ப முடியவில்லை. 12ஆம் தேதி விடிவதற்கு முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்தச் செய்தி டெல்லிக்குப் போன பிறகு நிறுத்து என்று எந்தப் பிரதமரால் சொல்ல முடியும்?

அந்த ஐந்து நாட்களில் சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்லியிருக்கலாம்?

படையின் தளபதியாக இருந்த மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் இருபது ஆண்டுகள் கழித்து எழுதிய நூலில், புலிகளோடு மோதுவதில் தனக்கு உடன்பாடு இருக்கவில்லை என்கிறார். அதற்கும் முன்பு செப்டம்பரில், பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி தீட்சித் தொலைபேசியில் சொன்னதாகவும், வெள்ளைக்கொடியோடு வருபவரைச் சுடுவது ராணுவத்தின் வழக்கம் இல்லை என்று தான் மறுத்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார். அந்த நூல் வந்தபோது தீட்சித் உயிரோடு இல்லை. அவர் தரப்பைக் கேட்க வழியில்லை. எது எப்படியோ, ஒரே நாட்டின் தூதரகம், ராணுவம், உளவுத்துறை மூன்றும் மூன்று திசையில் இழுத்தன என்பது இவர்கள் எல்லோரும் எழுதியதைச் சேர்த்துப் படித்தால் தெரிகிறது. மூன்று பேரும் பிரதமரின் காதில் தனித்தனியாகப் பேசினார்கள். மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, 'இது தவறினால் என்ன?' என்று கேட்க ஆள் இல்லை.

போர் தொடங்கியபின் பிரபாகரனே ராஜீவுக்குக் கடிதம் எழுதினார், ஒன்றுக்கு மேற்பட்ட முறை. போரை நிறுத்துங்கள், பேசலாம் என்று. அவகாசம் வாங்கும் தந்திரம் என்று டெல்லி நினைத்தது. தந்திரமாகவும் இருந்திருக்கலாம். நவம்பரில் இந்தியா ஒருதலையாக 48 மணி நேரப் போர்நிறுத்தம் அறிவித்தது. ஆயுதத்தைப் போடு, அப்புறம் பேசலாம் என்றது இந்தியா. பேசு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள் புலிகள். 48 மணி நேரம் ஓடிவிட்டது.

*

தலைவனின் முகத்துக்கு நேரே நின்று போர் வேண்டாம் என்று சொல்வது நமக்குப் புதிது இல்லை. சோழர் குடியின் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு, உள்ளே நெடுங்கிள்ளி அடைத்துக்கொண்டிருந்தபோது கோவூர்கிழார் இருவரையும் பார்த்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் 45ஆவதாக இருக்கிறது. உன் எதிரில் நிற்பவன் சேரனும் இல்லை, பாண்டியனும் இல்லை, நீ சூடிய அதே ஆத்தியைச் சூடியவன், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்பது அவர் வாதம். அவர் அறம் பேசி மன்றாடவில்லை. கணக்குப் பேசினார். இருவரும் ஜெயிக்க முடியாது. வெளியில் இருப்பவன்தான் சிரிப்பான்.

கோவூர்கிழாருக்கு இருந்த வசதி, அவர் யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லை. பரிசில் வாங்குபவர்தான், ஆனால் இந்த அரசன் இல்லாவிட்டால் இன்னொருவன். நவீன அரசில் 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரிக்கு அந்த வசதி கிடையாது. அப்படியும் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1965இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் ஜார்ஜ் பால், வியட்நாமில் பெரும்படையை இறக்க வேண்டாம் என்று அதிபர் ஜான்சனுக்கு எழுதினார். ஒருமுறை நம் ஆட்கள் அதிக எண்ணிக்கையில் சாகத் தொடங்கிவிட்டால், அதன்பின் அவமானப்படாமல் திரும்ப வழியே இருக்காது என்பது அவர் எழுதியதன் சாரம். ஜான்சன் படித்தார், கேட்டார், மறுத்தார். மீதி நமக்குத் தெரியும். 1971 ஏப்ரலில் உடனே கிழக்கு வங்கத்துக்குள் போக முடியாது என்று இந்திரா காந்தியிடம் சொன்னதாகத் தளபதி மானெக்‌ஷா பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது அமைதியை இல்லை, அவகாசத்தை. ஆனால் அந்த மறுப்பைக் கேட்டுக்கொள்ளும் காது அந்த அறையில் இருந்தது.

ராஜீவுக்கு அப்போது வயது 43. நாட்டின் வரலாற்றிலேயே பெரிய பெரும்பான்மையோடு வந்தவர். எதிர்ச்சொல் கேட்டுப் பழகும் அவசியம் அவருக்கு இருக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது அவர் ஒருவரின் குறை மட்டும் இல்லை. இங்கிருந்து போன குரல்களும் இரண்டாகப் பிரிந்திருந்தன. ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வும் காங்கிரசும் ஒப்பந்தத்தின் பக்கம். தி.மு.க., தி.க., பழ. நெடுமாறன் போன்றவர்கள் படையின் போரை எதிர்த்தார்கள். டெல்லியின் கண்ணுக்கு இது உள்ளூர்க் கட்சிச் சண்டையாகத் தெரிந்திருக்கும். நான்கு ஆண்டுகள் 'படையனுப்பு' என்று கத்தியவர்களே இப்போது 'நிறுத்து' என்கிறார்கள் என்பதும் அதன் எடையைக் குறைத்திருக்கும்.

*

மிகத் தெளிவாகச் சொன்னவர்கள் எந்த அறையிலும் இடம் இல்லாதவர்கள். மட்டக்களப்பின் அன்னையர் முன்னணிப் பெண்கள்.

அவர்களிடம் இரண்டே கோரிக்கைகள். இந்தியப் படை உடனே போரை நிறுத்த வேண்டும். புலிகளோடு பேச வேண்டும். படை அதிகாரிகள் அவர்களைச் சந்தித்துப் பேசினார்கள், ஆனால் கோரிக்கை நகரவில்லை. 1988 பிப்ரவரியில் அன்னம்மா என்ற தாய் உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கினார். அவர் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார். மார்ச் 19 அன்று பூபதி கணபதிப்பிள்ளை மாமாங்கப் பிள்ளையார் கோயில் வளாகத்தில் உட்கார்ந்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர், வயது 55. தண்ணீர் மட்டும் குடித்தார். ஏப்ரல் 19 அன்று இறந்தார்.

அவரை நிறுத்தவிடாமல் புலிகள் அழுத்தம் கொடுத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. பின்னாளில் அவர் படம் மேடைகளில் மாட்டப்பட்ட விதத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வருவதைத் தடுக்க முடியாது. ஆனால் அவர் கேட்டது என்ன? ஈழத்தைக் கேட்கவில்லை. ஒரு பிரதமரிடம், சுடுவதை நிறுத்திவிட்டுப் பேசு என்றார். முப்பத்தொரு நாள் அவகாசமும் கொடுத்தார். காந்தியின் நாட்டில் பிறந்த ஒருவர் அதைவிட எளிமையான கோரிக்கையைக் கேட்டிருக்க முடியாது.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியர் ராஜினி திராணகம. இந்தியப் படை செய்ததையும் புலிகள் செய்ததையும் ஒரே நேர்மையோடு பதிவு செய்து, நண்பர்கள் மூவரோடு 'முறிந்த பனை' என்ற நூலை எழுதியவர். 1989 செப்டம்பர் 21 அன்று வீட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தான் கொன்றார்கள் என்பது அவருடைய தோழர்களின் முடிவு. இரண்டு பக்கத்திடமும் 'வேண்டாம்' என்று சொன்னவருக்கு நிற்க ஒரு பக்கமும் மிஞ்சவில்லை.

*

இந்தியப் படையின் கணக்கில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்த தமிழ்ப் பொதுமக்களின் எண்ணிக்கை பல ஆயிரம். அதற்கு யாரும் பொறுப்பேற்று ஒரு பட்டியல் போடவில்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் மறுபடி அதுபோல. இந்தப் போரில் இந்தியாவின் உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா ஒரே ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது: மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று நெஞ்சில் குண்டு பாய்ந்து இறந்த அவரும் தமிழர்தான். கோவூர்கிழார் சொன்ன ஆத்திமாலை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

மாமா சிக்னல் பிரிவில் இருந்தார். தமிழ் தெரியும் என்பதால் சோதனைச்சாவடியில் பேச நிறுத்தினார்களாம். ஒரு நாள் ஒரு வயசான அம்மா கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு, "நீங்கள் தமிழோ தம்பி?" என்று கேட்டிருக்கிறார். ஆமா என்றாராம். "எந்த ஊர்?" "மதுரை." அந்த அம்மா மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஒருமுறை வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்" என்றார் மாமா.

*

இதையெல்லாம் சேர்த்து, படை போனது தவறு, திரும்பியது சரி என்று ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த நினைப்பைக் கலைத்தவர் ஆனையூர் அக்கா.

விளாங்குடிக்குப் பக்கத்திலேயே ஆனையூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து ஓர் அக்கா அம்மாவுக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். திருகோணமலைப் பக்கம் மூதூரைச் சேர்ந்தவர். இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்னும் குடியுரிமை இல்லை. இந்தியப் படை பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரித்தார்.

"இந்தியன் ஆமி வரேக்க நிறைகுடம் வச்சுத்தான் கும்பிட்டனாங்கள். பிறகு அவங்களைக் கண்டா ஓடி ஒளிச்சம். அதெல்லாம் சரி தம்பி. நாங்க கடல் தாண்டினது எப்பெண்டு கேக்கேல்லையே நீங்க?"

கேட்டேன்.

"அவங்க போன பிறகுதான்."

1989 டிசம்பரில் வி.பி. சிங் பிரதமரானார். இலங்கையில் பிரேமதாசா ஏற்கெனவே வெளியேறச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தியப் படையை எதிர்க்கப் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்திருந்தார். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படைப்பிரிவு கப்பலேறியது. சென்னையில் வந்திறங்கியவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. வடகிழக்கில் இந்தியாவை நம்பி மாகாண ஆட்சி நடத்திய ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் வரதராஜப் பெருமாளும் இந்தியாவுக்கு வந்துவிட்டார். கட்டாயமாகப் பிடித்துத் துப்பாக்கி கொடுக்கப்பட்ட பையன்கள் பலர் புலிகளின் கையில் சிக்கினார்கள். ஜூனில் புலிகளுக்கும் இலங்கை ராணுவத்துக்கும் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அக்காவின் குடும்பம் அந்த ஆண்டுதான் படகேறி மண்டபம் வந்தது. அடுத்த ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர். அந்தக் குண்டில் ராஜீவ் மட்டும் சாகவில்லை; அக்காவைப் போன்றவர்கள் மேல் இங்கே இருந்த இரக்கமும் அன்றோடு போயிற்று.

ஆகவே 'படையைத் திரும்ப அழை' என்பது மட்டுமே அமைதி ஆகிவிடாது. போகும்போது யோசிக்காதவர்கள் திரும்பும்போதும் யோசிக்கவில்லை. வி.பி. சிங் எடுத்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அங்கே இருந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேர் செத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சரியான முடிவின் விலையை மூதூரில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். அமைதியைத் தேர்ந்தெடுக்க இருந்த மலிவான நாட்கள் அந்த ஐந்து நாட்கள்தான். அப்போது பேசியிருந்தால் கௌரவம் கொஞ்சம் குறைந்திருக்கும். பன்னிரண்டு பேர் சயனைடு கடித்தது தங்கள் கண்காணிப்பில் நடந்த தவறு என்று டெல்லி ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். புலிகள் கிழக்கில் செய்த கொலைகளுக்குப் பிறகும் அவர்களோடு உட்கார வேண்டியிருந்திருக்கும். கசப்பான வேலைதான். மூன்று ஆண்டுகள் கழித்து எல்லோரும் விழுங்கிய கசப்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அதனால்தான் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியது முதல் குண்டுக்கு முன்னால் என்று நினைக்கிறேன். அதைத் தலைவரிடம் மட்டும் சொன்னால் போதாது. போகச் சொல்லிக் கத்துகிற கூட்டத்திடம், அதாவது என்னைப் போன்றவர்களிடம், முதலில் சொல்ல வேண்டும். பிரதமருக்கு எழுதும் தகுதி எனக்கு இல்லை. அலுவலக வாட்ஸப் குழுவில் கட்டைவிரல் போடாமல் இருக்கும் தகுதி இருந்தது. அதை அன்று நான் பயன்படுத்தவில்லை.

போன தீபாவளிக்கு மாமா வீட்டில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை பதக்கத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "இதப் பழைய எடத்துலயே வச்சிரு" என்றார். கனம் அதிகம் இல்லை. மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். தெருப் பிள்ளைகள் சரவெடி கொளுத்தியதும் எழுந்து உள்ளே வந்தார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வருவார். சத்தம் பிடிக்காது என்று அத்தை சொல்வார். அது என்ன சத்தம் என்று நான் கேட்டதில்லை. இந்த முறை ஜன்னலைச் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.